ஆர் (R) புரோகிராமிங் மொழியில ஒரே மாதிரி பேர் உள்ள ஆப்ஜெக்ட்டை மட்டும் மொத்தமா எப்படி அழிக்கிறது?

கேள்வி:
ஆர்ல லூப்புக்குள்ள அசைன் (assign, பேர் குடுத்து ஆப்ஜெக்ட் உண்டாக்கற ஃபங்ஷன்) போட்டதுல டெம்ப்_1, டெம்ப்_2ன்னு ஏகப்பட்ட டேட்டா ஃபிரேம் (அட்டவணை மாதிரி டேட்டா) சேந்து மெமரி ரொம்பிடுச்சு, கூடவே மாடல்_னு ஆரம்பிக்கிற ஆப்ஜெக்ட்டும் இருக்கு, அது கண்டிப்பா வேணும். டெம்ப் மட்டும் ஒரே அடியா தூக்க முடியுமா?

பதில் 1:
முடியுங்க. ஆப்ஜெக்ட் பேரெல்லாம் காட்டற எல்எஸ் (ls) ஃபங்ஷன்ல பேட்டர்ன் (pattern)னு ஒரு ஆர்க்யுமென்ட் இருக்கு, அதுல "^டெம்ப்_" குடுத்தா அப்படி ஆரம்பிக்கிற பேர் மட்டும் வரும், அதை அப்படியே அழிக்கிற ஃபங்ஷனான ஆர்எம் (rm)ல லிஸ்ட்= (list=) போட்டு குடுங்க. லிஸ்ட்= விட்டா எரர் தான். முதல்ல எல்எஸ் மட்டும் ஓட்டி என்னென்ன வருதுன்னு பாத்துக்குங்க, ஆர்எம்முக்கு அன்டூ கிடையாது.

பதில் 2:
அந்த பேட்டர்ன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வரிசையத் தேடற குறியீட்டு முறை)ங்கறத மறந்துடாதீங்க. ^ இல்லேன்னா மாடல்_டெம்ப்_3 மாதிரி நடுவுல டெம்ப்_ இருக்கிறதும் சேந்து போயிடும், அப்பறம் புள்ளி எந்த எழுத்தோடயும் பொருந்தும், நிஜப் புள்ளி வேணும்னா முன்னாடி ரெண்டு பேக்ஸ்லாஷ் போடணும். டெம்ப்*னு எழுதித்தான் பழக்கம்னா குளோப்2ஆர்எக்ஸ் (glob2rx) ஃபங்ஷன் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனா மாத்திக் குடுக்கும்.

பதில் 3:
இதே எல்எஸ்ஸ "^மாடல்_"னு மாத்தி, பேர வெச்சு ஆப்ஜெக்ட்டை எடுத்துக் குடுக்கற எம்கெட்டுக்குள்ள (mget) போட்டா மாடல்_ எல்லாம் பேரோட ஒரே லிஸ்ட்டா கிடைக்கும், லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஃபங்ஷன ஓட்டற எல்அப்ளைல (lapply) சம்மரி (summary) ஓட்டிக்கலாம். என்னைக் கேட்டா லூப்ல அசைனே வேணாம், ஆரம்பத்துலயே லிஸ்ட்டுக்குள்ள வெச்சிடுங்க, அழிக்கிறதும் ஒரே பேர்ல முடிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, எல்எஸ் ஓட்டி செக் பண்ணிட்டு அழிச்சாச்சு, மாடல் எல்லாம் பத்திரமா இருக்கு. அடுத்த ஸ்கிரிப்ட்ட லிஸ்ட்டாவே எழுதறேன்.