செம்பும் நிக்கலும் படிந்த பீட் நிலத்தில் தண்ணீரை நிறுத்தினால் போதுமா?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் வட சிலாங்கூரில், பீட் நிலத்தில் (நீர் தேங்கியதால் முழுதும் மட்காமல் படிந்த தாவர மண்) அமைந்த ராஜா மூசா வனக் காப்பகத்திற்கு மரம் நடச் செல்லும் தன்னார்வலர்களுடன் சில முறை போயிருக்கிறேன். 2008 முதல் அங்கே நடைபெறும் சீரமைப்பில், பழைய கால்வாய்களை மறித்து நீர்மட்டத்தை உயர்த்துவதும் மாஹாங் மரக் கன்றுகளை நடுவதும்தான் முக்கிய வேலை. இப்போது என் மகள் கல்லூரிக் கட்டுரைக்காகக் கனடாவின் சட்பரியைப் பற்றிப் படித்து வருகிறாள். அங்கே நிக்கல், செம்பு உருக்காலைகளின் புகையால் சுற்றுவட்டாரப் பீட் நிலங்களில் ஸ்பேக்னம் பாசி அழிந்துபோயிருக்கிறது. குன்றுகளில் 1978 முதல் சுண்ணாம்பு தூவி மரம் நட்டிருக்கிறார்கள். பீட் நிலத்திலும் சுண்ணாம்பு தூவலாமா, அல்லது ராஜா மூசாவில் செய்வதுபோல் நீரை நிறுத்தினால் போதுமா என்று அவள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பினாங்கு நீராய்வாளர்:
வணக்கம் அம்மா. குன்றுக்குப் பொருந்திய மருந்து சதுப்புக்குப் பொருந்தாது. ஸ்பேக்னம் அமிலத்தில் வாழும் பாசி; சுண்ணாம்பு அதற்கு ஆகாது, பீட்டும் விரைவாக மட்கத் தொடங்கும். வேரோ மெழுகுத்தோலோ இல்லாமல் உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சும் செடி என்பதால், மேலே படிந்த செம்பு தடையின்றி உள்ளே போய்விட்டது.

நீரை நிறுத்துவது சரியான திசைதான். நீர் தேங்கிய பீட்டில் உயிர்வளி இராது. அங்குள்ள நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்ற, உலோகங்கள் அதனுடன் சேர்ந்து கரையாத வடிவில் அடங்கிக் கிடக்கும். ஆனால் ஒரு நீண்ட வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால், அந்தச் சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகி, அடுத்த மழையில் அமிலமும் உலோகமும் சேர்ந்தே ஓடைக்கு வந்துவிடும். புகை குறைந்து தேறி வந்த சட்பரி ஏரிகளில் சில, 1980களின் வறட்சிக்குப் பிறகு மீண்டும் அமிலமானது இப்படித்தான். ஆகவே நீரை ஏற்றுவதைவிட, அந்த மட்டத்தை வறண்ட மாதங்களிலும் காப்பதுதான் கடினமான வேலை.

முன்னாள் மான்செஸ்டர் மாணவன்:
ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில், தொழிற்புரட்சிக் காலக் காரீயம் பீட்டின் மேலடுக்கில் தங்கியிருக்கிறது. அங்கே பாசி போய், மண் கறுப்பாகத் திறந்து கிடந்ததால், மழை பீட்டையே அரித்துக் காரீயத்தோடு நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோனது. அதனால் முதலில் சிறிது சுண்ணாம்பும் உரமும் இட்டுப் புல்லை முளைக்கவைத்து மண்ணை மூடினார்கள், ஓடைப்பள்ளங்களை அடைத்தார்கள், ஸ்பேக்னத்தைப் பிறகுதான் நட்டார்கள். நிலம் வெறுமையாகக் கிடந்தால் சுண்ணாம்பை முழுக்க ஒதுக்கிவிட முடியாது.

பினாங்கு நீராய்வாளர்:
ஏற்கிறேன். நான் பாசி இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கும் நிலத்தை மனத்தில் வைத்து எழுதினேன்.

பெர்ஜுந்தைக்காரன்:
எங்கள் ஊரை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவை, சுற்றிப் பழைய ஈயக்குட்டைகள் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள்) உண்டு. பீட் காடும் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே ஒரு சதுப்பில் உலோகம் சேர்ந்திருந்தால் இதே முறை செல்லுமா?

பினாங்கு நீராய்வாளர்:
நம் பீட் பாசியால் ஆனதல்ல, மரத்தால் ஆனது. ஆகவே திரும்பக் கொண்டுவர வேண்டியது காட்டை. வேதியியலில் பெரும்பகுதி அதேதான். செம்பையும் காரீயத்தையும் பீட்டின் மட்கு அமிலங்கள் இறுகப் பிடிக்கும். நிக்கலையும் துத்தநாகத்தையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆர்செனிக் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை: நீர் தேங்கியதும் இரும்பு ஆக்சைடு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் வெளியேறலாம். எனவே கால்வாயை மறிப்பதற்கு முன்பே, வெளியேறும் நீரைச் சோதிக்கத் தொடங்க வேண்டும். மண்ணை மட்டும் சோதித்து அறிக்கை எழுதுவது பாதி வேலை.

மாதிரி எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள்: 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த பிறகும் தண்ணீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறத்திலேயே இருக்கும். அந்த நிறம் கரைந்த மட்குப் பொருள். செம்பு அதைப் பற்றிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போகிறது. வடித்த மாதிரியில் அங்கேயே சில துளி நைட்ரிக் அமிலம் விடாவிட்டால், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் உலோகத்தில் ஒரு பங்கு போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.