லீ ஜே. காப்: டிவி விழுங்கிய நடிகரா?

மேடைப்பித்தன்:
'12 ஆங்ரி மென்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அதில் நடித்த அமெரிக்க நடிகர் லீ ஜே. காப்பைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு அவரை நினைத்தாலே வயிற்றெரிச்சல். 1949 பிப்ரவரியில் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியபோது, அதன் நாயகனான வில்லி லோமன் என்ற வயதான விற்பனையாளர் இவர்தான். பாத்திரத்துக்கு வயது 63, இவருக்கு 37. சின்ன உருவத்துக்காரரை மனதில் வைத்து எழுதிய வேஷம் அது. இவருடைய ஆகிருதிக்காக, வில்லியைக் கேலி செய்யும் 'இறால்' என்ற சொல்லை மில்லர் 'வால்ரஸ்' (பெருத்த உடம்புள்ள கடல் விலங்கு) என்று மாற்றினார். அப்பேர்ப்பட்டவர் 1962 முதல் 'தி வர்ஜீனியன்' என்ற டிவி கௌபாய் தொடரில் 4 சீசன் பண்ணையாராக உட்கார்ந்திருந்தார். கொடுமை.

ராகவி:
அந்த '12 ஆங்ரி மென்' கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 12 ஜூரிகளில் 11 பேர் ஒரு பக்கம், இவர் மட்டும் மறுபக்கம். ஆத்திரத்தில் பர்ஸை மேஜைமேல் வீசுகிறார், உள்ளே மகனோடு எடுத்த போட்டோ. கத்திக்கொண்டே அதைக் கிழிக்கிறார், கிழித்த கையோடு அப்படியே உடைந்து அழுகிறார். மேடையில் பின்வரிசைக்காரனுக்கு அந்தக் கை தெரியுமா?

மேடைப்பித்தன்:
தெரியாதுதான். ஆனால் அதுவும் இன்னொரு அப்பா வேஷம்தானே? 1939-இல் 'கோல்டன் பாய்' படத்தில் வில்லியம் ஹோல்டனுக்கு அப்பா. மகனுக்கு 21, அப்பாவுக்கு 27! 1963-இல் இன்னொரு படத்தில் பாடகர்-நடிகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கே அப்பா. இருவருக்கும் 4 வயதுதான் வித்தியாசம். அந்த முகத்தைப் பார்த்தால் ஹாலிவுட்டுக்கு வேறெதுவுமே தோன்றவில்லை.

பழையரீல்:
சினிமாவையும் டிவியையும் மட்டும் திட்டிப் பயனில்லை. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு காப்பை நெருக்கியது; ஒத்துழைக்காதவர்களுக்கு ஹாலிவுட்டில் வேலை கிடைக்காது. மறுத்துப் பார்த்தவர், 1953-இல் சாட்சி சொல்லி, பழைய தோழர்களின் பெயர்களைக் கொடுத்தார். அடுத்த வருஷமே 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படம், அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. இயக்கிய எலியா கஸானும் எழுதிய பட் ஷுல்பெர்க்கும் அதே குழுவிடம் பெயர் சொன்னவர்கள். 1955-இல் காப்புக்கு மாரடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றவர் சினாட்ரா. (திரையில் மகனாவதற்கு 8 வருஷம் முன்பே மகன் வேலையைப் பார்த்துவிட்டார்.) வேலை போய்விடும் என்ற பயம் எப்படியிருக்கும் என்று பட்டவர் காப். மாதாமாதம் சம்பளம் வரும் தொடரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேடைப்பித்தன்:
தோழர்களின் பிழைப்பைக் கெடுத்துத் தன் பிழைப்பைப் பார்த்தவர் என்றும் சொல்லலாம். பரிதாபம் வேறு, நடிப்பு வேறு. நான் பேசுவது நடிப்பை.

ராகவி:
சரி, நடிப்பையே பேசுவோம். உங்கள் வில்லி லோமனை எங்கே பார்த்தீர்கள்? 1949-இல் நியூயார்க்கில் டிக்கெட் வாங்கினீர்களா? 1966-இல் சிபிஎஸ் டிவி அந்த நாடகத்தைப் படம்பிடித்தது. அதே காப், மனைவியாக மேடையில் நடித்த அதே மில்ட்ரெட் டன்னக். நீங்கள் சபிக்கும் அந்தப் பெட்டிதான் அவருடைய வில்லியை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது.

மேடைப்பித்தன்:
அதைத்தான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். அப்போது அவருக்கு 54. சோர்வை நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத தோள்கள். ஆனாலும் அந்தப் பண்ணையார் வேஷத்தை மன்னிக்கமாட்டேன்.

பழையரீல்:
'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் அவர் நடித்த துப்பறிவாளரை மறந்துவிட்டு எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். அதற்குத் தனி இழை ஆரம்பிக்கட்டுமா?