இரண்டு டெப்த் கேமராக்களைச் சேர்த்து ஓடவிட்டால் அளவு அலைபாய்கிறது, என்ன வழி?

கனஅளவு:
பெட்டிகளின் கனஅளவு எடுக்க, ஒரு மேசையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு டைம் ஆஃப் ஃப்ளைட் கேமராக்கள் (ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரம் அளப்பவை) மாட்டியிருக்கிறேன். தூரம் சுமார் 2 மீட்டர். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மேசைப் பரப்பு 5 மி.மீ.க்குள் தட்டையாக வருகிறது. இரண்டும் ஓடினால் அதே பரப்பு 3 செ.மீ. வரை ஏறி இறங்குகிறது. சில நேரம் மெதுவான அலை, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படபடவென்று நடுக்கம். பத்து ஃப்ரேம் சராசரி எடுத்தும், திரும்ப கேலிப்ரேஷன் செய்தும் பலனில்லை. கேமராவில் கோளாறா?

ஒளிவேகம்:
கோளாறு மாதிரி தெரியவில்லை நண்பரே, குறுக்கீடாகத்தான் இருக்கும், அதாவது ஒன்றின் ஒளி மற்றதில் கலக்கிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கேமராவின் அகச்சிவப்பு விளக்கை மட்டும் கறுப்பு அட்டையால் மூடுங்கள். லென்ஸை மூட வேண்டாம். முதல் கேமராவில் அலை நிற்கிறதா பாருங்கள்.

கனஅளவு:
உடனே நின்றுவிட்டது! ஆனால் இரண்டும் ஒரே மாடல், இரண்டிலும் ஒளி துடிக்கும் வேகம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். அப்படியிருக்க அலை எங்கிருந்து வருகிறது?

ஒளிவேகம்:
பெயருக்குத்தான் 20 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் இரண்டு கிறிஸ்டல்களும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 10 பங்கு விலகினாலே 200 ஹெர்ட்ஸ் வித்தியாசம். கேமரா தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. தான் அனுப்பிய ஒளிக்கும் திரும்பி வந்த ஒளிக்கும் உள்ள ஃபேஸ் வித்தியாசத்தைத்தான், அதாவது துடிப்பு ஒரு சுற்றில் எவ்வளவு பின்தங்கியது என்பதைத்தான் அளக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று 7.5 மீட்டர், அதாவது ஒரு டிகிரி பிசகினால் 2 செ.மீ. போய்விடும். அடுத்த கேமராவின் ஒளி கலந்து ஃபேஸை ஓரிரு டிகிரி தள்ளினாலே உங்கள் 3 செ.மீ. வந்துவிடும். அந்த 200 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் இந்தத் தள்ளல் மாறிக்கொண்டே இருக்கும், அதுதான் அலை.

மெதுவான அலைக்கும் இதுவே காரணம். நீங்கள் பார்ப்பது விநாடிக்கு 30 ஃப்ரேம். அந்த வித்தியாசம் 210 ஹெர்ட்ஸ் மாதிரி 30-இன் மடங்குக்குப் பக்கத்தில் வந்தால் அலை மிக மெதுவாகத் தெரியும், பத்து ஃப்ரேம் சராசரி அதை அழிக்காது. கேமரா சூடேறச் சூடேற கிறிஸ்டல் நகரும், அப்போது படபடப்பாகிவிடும்.

பட்டறைவாசி:
கேமராவில் சின்ன அதிர்வு மோட்டார் ஒட்டினால் குறுக்கீடு போய்விடும் என்று படித்திருக்கிறேனே?

ஒளிவேகம்:
அது முதல் தலைமுறை கினெக்ட் போல புள்ளிக்கோலம் வீசும் கேமராக்களுக்கு. 2012-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அதைச் செய்து காட்டின. மோட்டார் ஒட்டிய கேமராவும் அதன் கோலமும் சேர்ந்தே ஆடுவதால் தன் கோலம் தனக்குத் தெளிவாகத் தெரியும், மற்றதன் கோலம் கலங்கிவிடும். இங்கே கோலமே கிடையாது, அதனால் உதவாது.

உங்களுக்கு நல்ல வழி, இரண்டையும் ஒரே நேரத்தில் எரியவிடாமல் இருப்பது. ட்ரிகர் போர்ட் (எப்போது படமெடுக்க வேண்டும் என்ற சைகையை வாங்கும், அனுப்பும் துளை) இருந்தால் கேபிளால் இணைத்து, ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதற்குத் தாமதம் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கினெக்ட் கேமராவுக்கு இதற்கென்றே குறைந்தது 160 மைக்ரோவிநாடி இடைவெளி சொல்லியிருந்தார்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள், ஒளித்துடிப்பின் நீளத்தைப் பொறுத்து அது மாறும். ட்ரிகர் இல்லையென்றால் ஒன்றை 20, மற்றதை 21 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஒளி சேர்க்கும் நேரத்துக்குள்ளேயே (எக்ஸ்போஷர்) அலை சராசரியாகி அடங்கிவிடும், இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடும். எதிரெதிரே இருப்பதால் ஒன்றின் விளக்கு மற்றதன் லென்ஸில் நேராக விழாதபடி சாய்த்தும் வையுங்கள்.

கனஅளவு:
ட்ரிகர் போர்ட் இருந்தது. கேபிள் போட்டுத் தாமதம் கொடுத்ததும் மேசை தட்டையாகிவிட்டது, ரொம்ப நன்றி! ஒன்றுதான் பாக்கி. திறந்த பெட்டியின் உள்மூலை 1 செ.மீ. தள்ளி, வளைந்து தெரிகிறது. இதுவும் குறுக்கீடா?

ஒளிவேகம்:
ஒரு கேமராவை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே வளைவு இருந்தால், அது அந்தக் கேமராவின் சொந்த ஒளி ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குப் போய்த் திரும்புவதால் வருவது. கேபிளும் தாமதமும் அதைத் தொடாது. கனஅளவுக்கு மூலைப் புள்ளிகளை விட்டுவிட்டு, சுவர்களின் நடுப்பகுதிக்குத் தளம் பொருத்தி, அவை வெட்டும் கோட்டையே மூலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.