சாட்ஸ்வொர்த், எடென்சர் தபால் அட்டைகள்: காலம் கணிக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தையும் அதன் பூங்காவுக்குள்ளேயே உள்ள எடென்சர் கிராமத்தையும் காட்டும் மூன்று பழைய தபால் அட்டைகள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

முதல் அட்டையில், சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் செடிகளுக்காக எழுப்பிய பெரிய கண்ணாடி வீடு. 1920இல் இடிக்கப்பட்டுவிட்ட அதை இனி படத்தில்தான் பார்க்க முடியும் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த அட்டை இதுதான். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு இருக்கிறது. பிரிட்டனில் அது 1902இல் வந்த வழக்கம். ஒட்டியிருப்பது பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட பச்சை அரை பென்னி ஸ்டாம்ப். அவர் 1910இல் காலமானார். ஆக, ஏறக்குறைய எட்டு வருட இடைவெளி. தபால் முத்திரை மங்கிவிட்டதால் அதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

இரண்டாவது, எடென்சர் தேவாலயக் கோபுரம். அதில் சந்தேகமில்லை.

மூன்றாவதில் பாறை மேல் தண்ணீர் வழிகிறது, தலைப்பு இல்லை. பாக்ஸ்டன் அமைத்த வெலிங்டன் பாறையாக இருக்குமோ? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். கண்ணாடி வீட்டு அட்டை வேறு யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். முத்திரையில் தேதி தெரிந்தால் பெரிய உதவி.