புதுப்பிப்பு: குறுக்கே நிற்கும் சின்ன ஆடி படத்தை மறைக்காதா?

பிரதிபலிப்புத் தொலைநோக்கி பற்றிய என் முந்தைய இழையில், குழாயின் அடியில் இருக்கும் குழி ஆடி ஒளியைக் குவிக்கிறது, வாய்ப்பக்கம் சாய்வாக நிற்கும் சின்ன ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது என்பதோடு நிறுத்தியிருந்தேன். உடனே பலரும் கேட்டது இதைத்தான்: சின்ன ஆடி நடுவில் நிற்கிறதே, நிலாவின் நடுவில் கறுப்பாக ஓட்டை தெரியாதா?

தெரியாது. ஒரு விண்மீனின் ஒளி ஆடியின் முழுப் பரப்பிலும் இணைக்கதிர்களாக விழுகிறது, பரவளைய வடிவம் அவை எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறது, ஆக ஆடியின் ஒவ்வொரு துண்டுமே முழுப் படத்தையும் தரக்கூடியது. நடுவை மறைத்தால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 200 மி.மீ. ஆடிக்கு முன் 50 மி.மீ. ஆடி நின்றால் பரப்பில் பதினாறில் ஒரு பங்கு, சுமார் 6% போகும். (விளிம்பு விளைவால், அதாவது சின்ன ஆடியின் விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒளி சற்று வளைந்து பரவுவதால், கான்ட்ராஸ்டும் சற்றுக் குறையும், வியாழனின் பட்டைகளை உற்றுப் பார்ப்பவர்களுக்குத்தான் அது உறுத்தும்.)

நம்பிக்கை வராதவர்கள் பிரகாசமான ஒரு விண்மீனைப் பிடித்து ஃபோகஸைக் கலைத்துப் பாருங்கள். புள்ளி விரிந்து வளையமாகும், நடுவே இருட்டு வட்டம், அதுதான் சின்ன ஆடியின் நிழல், அதைத் தாங்கும் தகடுகள்கூட மெல்லிய கோடுகளாகத் தெரியும். மெதுவாக ஃபோகஸுக்குத் திரும்பினால் எல்லாம் சுருங்கி மறைந்துவிடும்.

அப்புறம், படங்களில் விண்மீனைச் சுற்றித் தெரியும் கீற்றுகளும் அந்தத் தகடுகளின் வேலைதான். ஒவ்வொரு தகடும் இருபுறமும் கீற்றை உண்டாக்கும். மூன்று தகடு என்றால் ஆறு கீற்று, நான்கு என்றால் எதிரெதிரானவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து நான்குதான்.