டெக்சாஸ்ல அத்தை எழுதி வச்ச வீடு, தக்கலைல இருந்தே விக்க முடியுமா?

தக்கலைக்காரன்:
அப்பாக்க தங்கச்சி நர்ஸா போயி டெக்சாஸ்லயே இருந்துட்டாங்க, பிள்ளைங்க கிடையாது, போன வருஷம் தவறிட்டாங்க. கூட வேலை பாத்தவங்க அனுப்பின கவர்ல ஒரு பத்திரம், டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீடுன்னு (சொந்தக்காரர் தவறினதும் வீடு பேரு போட்டவருக்கு போற பத்திரம்) போட்டு கவுண்டி கிளார்க் (அங்க மாவட்ட பதிவு அதிகாரி மாதிரி) சீல், அதுல என் பேரும் எங்க தக்கலை வீட்டு விலாசமும், பாத்ததும் கண்ணு நிறைஞ்சு போச்சு. இங்க வக்கீல்கிட்ட கேட்டா நம்ம நாட்டுல வீட்டுக்கு இப்படி ஒண்ணு கிடையாது, உயில் இல்லன்னா செட்டில்மென்ட் தான்னு சொல்லுதாரு. விக்க நேர்ல போணுமா? டாக்ஸ் எவ்வளவு பிடிப்பாங்க?

மார்த்தாண்டம் டு ஹூஸ்டன்:
வருத்தமா இருக்கு அண்ணே. அந்த டீடு டெக்சாஸ்ல 2015ல வந்தது. அத்தை உயிரோட இருக்கும்போதே கவுண்டில பதிஞ்சிருந்தா தான் செல்லும், சீல் தேதிய முதல்ல பாருங்க. வீட்டு லோன் பாக்கி இருந்தா அதுவும் வீட்டோட சேந்து வரும். அத்தைக்க மத்த கடனுக்கும் 2 வருஷம் வரை வீட்டு மேல கை வைக்க வழி இருக்கதால டைட்டில் கம்பெனி (வீட்டு உரிமைய சரிபாத்து இன்சூரன்ஸ் குடுக்குறவங்க) லேசுல ஒத்துக்காது, எங்க சித்தப்பாக்க வீடு இதுலதான் 7 மாசம் இழுத்துச்சு, அதனால வாங்க ஆள் தேடுறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசிருங்க. நேர்ல வராண்டாம், விக்கிற பேப்பர்ல சென்னை அமெரிக்க கான்சலேட்ல கையெழுத்து போட்டு நோட்டரி பண்ணி அனுப்பலாம்.

நாகர்கோவில் ஆடிட்டர் ஆபீஸ்:
டாக்ஸ்ல தான் நிறைய பேரு மாட்டிக்கிடுதாங்க. நீங்க வெளிநாட்டுக்காரர்ங்கதால ஃபிர்ப்டாங்கற, வெளிநாட்டுக்காரர் அங்க சொத்து விக்கிறதுக்கான அமெரிக்க வரி சட்டப்படி வாங்குறவரு லாபத்துல இல்ல, மொத்த விலைலயே 15% பிடிச்சு ஐஆர்எஸ்ல (அமெரிக்க வரித்துறை) கட்டிருவாரு. 3,10,000 டாலருக்கு வித்தா 46,500. இந்த விலைக்கு அவரு குடியிருக்க வாங்குனா 10% தான். அது முழுசும் டாக்ஸ் இல்ல, ரிட்டர்ன் போட்டு மிச்சத்த திரும்ப வாங்கலாம், அதுக்கு ஐடிஐஎன் (அமெரிக்க வரித்துறை குடுக்குற வரி நம்பர், நம்ம பான் மாதிரி) வேணும், இப்பவே அப்ளை பண்ணுங்க.

லாபம் கணக்கு போட, அமெரிக்கால அத்தை தவறுன அன்னைக்கு உள்ள மதிப்பதான் நீங்க வாங்குன விலையா எடுத்துக்கிடுவாங்க. அது 3,00,000னா லாபம் 10,000 தான். நம்ம ஊர்ல அப்படி இல்ல, அத்தை அந்த காலத்துல என்ன விலைக்கு வாங்குனாங்களோ அதுல இருந்து லாபம் கணக்காகும், 12.5% வரி. அங்க கட்டுன வரிய இங்க கழிச்சுக்கிடலாம். அவங்க வாங்குன பத்திரத்த எப்படியாவது தேடி எடுங்க, அது ரொம்ப முக்கியம். ஐடி ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துன்னு காட்டாம விட்டா 10 லட்சம் ஃபைன் வரலாம்.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சீல் தேதி பாத்தேன், அவங்க தவறுறதுக்கு 3 வருஷம் முன்னாடி. வாங்குன பத்திரம் கவர்ல இல்ல, கவுண்டில நகல் கேட்டு இன்னைக்கே மெயில் போடுதேன்.