யூஎஸ்பி டு ஐடூசி அடாப்டருக்கு கெர்னல் ட்ரைவர்: பழைய லேப்டாப்ல ஓடுது, புதுசுல மைனஸ் 11

ஈயப்பற்று:

எல்லாருக்கும் வணக்கம். ரிச்சி ஸ்ட்ரீட்ல எப்பவோ வாங்குன சிஹெச்341ஏ யூஎஸ்பி அடாப்டர் போர்டு ஒண்ணு டப்பால சும்மா கெடந்துச்சு, பயாஸ் சிப் ஃப்ளாஷ் பண்ண வாங்குனது, அதுலயே ஐடூசி (சிப்புங்க ரெண்டு வயர்ல பேசிக்கற பஸ்) பின்னும் இருக்கேன்னு ஒரு டிஎஸ்3231 ஆர்டிசி (கடிகார சிப்) மாட்யூல மாட்டி, லினக்ஸ்ல இதுக்கு நாமளே ஒரு கெர்னல் ட்ரைவர் எழுதிப் பாப்போம்னு மூணு வாரமா உக்காந்திருக்கேன். ப்ரோப் ஃபங்ஷன் (அடாப்டர சொருகுனதும் கெர்னல் கூப்பிடறது) ஓடுது, ஐடூசி அடாப்டர் ரெஜிஸ்டர் ஆகுது, டிவைஸ் ஃபைலும் வந்துருது.

வீட்ல இருக்கற பழைய லேப்டாப்ல உபுண்டு 16.04, 4.4 கெர்னல், அதுல ஒரு குறையும் இல்லாம பைட் போகுது வருது. அதே கோடை புது மெஷின்ல 24.04-ல, அதாவது 6.8 கெர்னல்ல போட்டா யூஎஸ்பி பல்க் மெசேஜ் கால் (அடாப்டருக்கு டேட்டா அனுப்பி வாங்கற ஃபங்ஷன்) மைனஸ் 11 திருப்பித் தருது. டிமெசேஜ்ல, அதாவது கெர்னல் லாக்ல, "ட்ரான்ஸ்ஃபர் பஃபர் ஈஸ் ஆன் ஸ்டாக்"னு ஒரு பெரிய வார்னிங் வந்துச்சு, ஆனா ஒரே ஒரு தடவதான், அப்புறம் என்ன பண்ணாலும் அது வரல, மைனஸ் 11 மட்டும் வந்துட்டே இருக்கு. இன்னொரு கூத்து, நான் ஒரு தடவ ட்ரான்ஸ்ஃபர் குடுத்தா என் ப்ரிண்ட்கே லைன் நாலு தடவ வருது. நான் லூப் எதுவும் போடல. யாராச்சும் பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.

பனங்கிழங்கு:

ப்ரோ தப்பா நெனைக்காதீங்க, இதுக்கு எதுக்கு கெர்னல் ட்ரைவர்? லிப்யூஎஸ்பி லைப்ரரி வெச்சு கெர்னலுக்கு வெளிய யூசர் ஸ்பேஸ்லயே நூறு லைன்ல முடிஞ்சுருமே. கெர்னல்ல கை வெச்சா ஒரு தப்புக்கு மெஷினே படுத்துரும்.

ஈயப்பற்று:

கத்துக்கத்தான் ப்ரோ. அதோட டிஎஸ்3231-க்கு கெர்னல்ல ஏற்கனவே ட்ரைவர் இருக்கு (டிஎஸ்1307 ட்ரைவர்தான் இதையும் பாத்துக்குது), நான் பஸ்ஸ மட்டும் ஒழுங்கா குடுத்துட்டா ஆர்டிசி, ஈப்ராம் (மெமரி சிப்), ப்ரெஷர் சென்சார் எல்லாத்துக்கும் ரெடியா இருக்கற ட்ரைவர் தானா வந்து உக்காந்துரும். லிப்யூஎஸ்பில போனா ஒவ்வொரு சிப்புக்கும் நானே எழுதணும்.

கருக்கல்:

தம்பி சொல்ற காரணம் சரியான காரணம், எழுதட்டும்.

வார்னிங்லயே பதில் இருக்கு. ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா ஒரு 32 பைட் அரே வெச்சு அதோட அட்ரஸ பல்க் மெசேஜுக்கு குடுத்திருப்பீங்க. யூஎஸ்பி கன்ட்ரோலர் அந்த பஃபர டிஎம்ஏ மூலமா, ப்ராசஸர் இல்லாம நேரா மெமரில இருந்து எடுக்கும், அதனால ஸ்டாக்ல (ஃபங்ஷனோட லோக்கல் டேட்டா இருக்கற மெமரி) இருக்கற பஃபர குடுக்கவே கூடாதுங்கறது ரொம்ப காலமா இருக்கற விதி. முன்னாடி எக்ஸ்86-ல ஸ்டாக் சாதாரண மெமரிலயே இருந்ததால விதிய மீறுனாலும் ஓடிருச்சு, உங்க 4.4-ல ஓடுனது அப்படித்தான். 4.9-ல ஸ்டாக்க வீமாலாக் ஏரியாவுக்கு (டிஎம்ஏக்கு ஒத்துவராத மெமரி பகுதி) மாத்தற வசதி வந்துச்சு, அதுக்கப்புறம் இந்த மாதிரி கோடெல்லாம் வரிசையா விழ ஆரம்பிச்சுது. கெர்னலுக்குள்ளயே இருக்கற ஐடூசி-டைனி-யூஎஸ்பி ட்ரைவர்லயே இதே தப்பு இருந்து 2017-ல தான் சரி பண்ணாங்க, அதனால நீங்க வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கற கெர்னல் பஃபர் ஸ்டாக்ல இருக்கான்னு பாத்து, இருந்தா வார்னிங் அடிச்சு ஈ-அகெய்ன் திருப்பிரும், அதுதான் உங்க மைனஸ் 11. மெஷின் ஒரு தடவ பூட் ஆனா அந்த வார்னிங் ஒரு தடவதான் அடிக்கும்.

நாலு தடவ ப்ரிண்ட் ஆகறதும் இதோட சேந்ததுதான். அடாப்டர் ஸ்ட்ரக்ட்ல ரீட்ரைஸ் 3-ன்னு போட்டிருக்கீங்களா? ஐடூசி கோர், ட்ரைவர் ஈ-அகெய்ன் குடுத்தா மட்டும் "ஓ பஸ்ல ஆர்பிட்ரேஷன் போச்சு போல"ன்னு, அதாவது பஸ் போட்டில தோத்துட்டோம்னு, நெனைச்சு திரும்ப அனுப்பும். முதல் தடவ ஒண்ணு, திரும்ப மூணு, ஆக நாலு. யூஎஸ்பி பக்கம் வர்ற எர்ரர அப்படியே மேல தள்ளாதீங்க. யூஎஸ்பி தகராறுன்னா ஈ-ஐஓ, டைம் அவுட்டுன்னா ஈ-டைம்டவுட், சிப்பே பதில் சொல்லலன்னா ஈ-என்எக்ஸ்ஐஓ. அடாப்டர் குச்சியையே புடுங்கிட்டா வர்ற ஈ-நோடெவ்-அ மட்டும் தொடாம அப்படியே விடுங்க.

தீர்வு சுலபம். ப்ரோப்ல கேமாலாக்ல (கெர்னல்ல மெமரி கேட்டு வாங்கற ஃபங்ஷன்) தனியா ஒரு பஃபர் எடுத்து வெச்சுக்கங்க, அனுப்ப வேண்டியத அதுல மெம்காப்பி பண்ணி அனுப்புங்க, வர்றதையும் அதுலயே வாங்கி மெசேஜ் பஃபருக்கு காப்பி பண்ணுங்க. "தனியா"ன்னு சொல்றது எதுக்குன்னா, சில பேரு ப்ரைவேட் ஸ்ட்ரக்டுக்குள்ளயே அரேயா வெச்சிருவாங்க, எக்ஸ்86-ல ஓடும், ஆனா கேஷ் கோஹரன்ட் இல்லாத (கேஷும் டிஎம்ஏவும் தானா ஒத்துப் போகாத) ஆர்ம் போர்டுல பக்கத்து ஃபீல்டும் பஃபரும் ஒரே கேஷ் லைன்ல மாட்டி டேட்டா கெட்டுப் போகும், கண்டுபிடிக்கறதுக்குள்ள தலைமுடி நரைச்சிரும். 5.10-ல வந்த புது கன்ட்ரோல் மெசேஜ் ஃபங்ஷன்ங்க தானே காப்பி எடுத்துக்கும், ஸ்டாக் பஃபர் குடுக்கலாம், ஆனா பல்க்குக்கு அந்த சலுகை கெடையாது.

ஈயப்பற்று:

அண்ணே கோடி கும்பிடு. ரீட்ரைஸ் 3 தான் போட்டிருந்தேன், எங்கயோ பாத்து காப்பி அடிச்சது. பஃபர மாத்துனதும் மைனஸ் 11 போயே போச்சு.

ஆனா இப்ப ஐடூசி-டிடெக்ட் (எந்த அட்ரஸ்ல சிப் இருக்குன்னு தேடற டூல்) ஓட்டுனா 08-ல இருந்து 77 வரைக்கும் 112 அட்ரஸ்லயும் சிப் இருக்குன்னு காட்டுது 😀 நான் மாட்டியிருக்கறது ஒரே ஒரு மாட்யூல்.

உப்புக்காத்து:

நீங்க ஏக் ("வந்துச்சு"ன்னு சிப் குடுக்கற பதில்) பாக்கவே இல்ல, அதான் ஊருல எல்லாரும் வீட்ல இருக்காங்கன்னு எழுதிட்டு வர்றீங்க. யூஎஸ்பி பேக்கெட் நல்லபடியா போச்சுங்கறதும் ஐடூசி சிப் ஏக் குடுத்துச்சுங்கறதும் வேற வேற. பல்க் மெசேஜ் ஜீரோ குடுத்தா சிஹெச்341 வரைக்கும் போய்ச் சேந்துச்சு, அவ்வளவுதான்.

இந்த சிப்புல ஐடூசி கமாண்ட் ஹெக்ஸ் ஏஏ-ல ஆரம்பிக்கும், ஸ்டார்ட்டுக்கு 74, ஸ்டாப்புக்கு 75, பைட் அனுப்ப 80. அந்த 80-ல நீளத்த சேக்காம வெறும் 80-ஆ குடுத்து ஒரு பைட் அனுப்புனா ஏக் வந்துச்சா இல்லையான்னு ஒரு ஸ்டேட்டஸ் பைட் திரும்பி வரும். அதோட மேல் பிட் 1-ஆ இருந்தா நாக், அதாவது ஏக் வரல. அதனால அட்ரஸ் பைட்ட மட்டும் இப்படி தனியா அனுப்பி, ஸ்டேட்டஸ படிச்சுப் பாத்துட்டு, நாக்னா ஸ்டாப் அனுப்பி ஈ-என்எக்ஸ்ஐஓ திருப்புங்க. படிக்கும்போது கடைசி பைட்டுக்கு மட்டும் நாக் போகணும், அதுக்கும் இதே தந்திரம்தான், ரீட் கமாண்ட நீளம் இல்லாம குடுத்தா ஒரே பைட் படிச்சு நாக் போடும். ஒரு பேக்கெட் 32 பைட்டுக்கு மேல போகாது, பெரிய மெசேஜ துண்டு போடணும், துண்டுக்கு நடுவுல ஸ்டாப் விட்ராதீங்க.

இன்னொண்ணு, ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கடைசில ஜீரோ திருப்பக் கூடாது, எத்தன மெசேஜ் முடிஞ்சுதோ அந்த எண்ணத்த திருப்பணும். நான் மொத தடவ எழுதுனப்ப இதுல ரெண்டு நாள் போச்சு.

சில கெர்னல்ல உங்க ட்ரைவர் ப்ரோப்பே ஆகலன்னா பயந்துராதீங்க. ஐடூசி மோடுல இந்த சிப்போட ப்ராடக்ட் ஐடி 5512, சீரியல் மோடுல 5523. இடைல கொஞ்ச காலம் 5512-ஐயும் சீரியல் ட்ரைவர் டேபிள்ல சேத்துட்டாங்க, அப்புறம் தப்புன்னு திருப்பி எடுத்தாங்க. அந்த நடு வெர்ஷன் கெர்னல் இருந்தா சீரியல் ட்ரைவர் முந்திக்கிட்டு குச்சிய புடிச்சுக்கும், அத அன்பைண்ட் பண்ணி குச்சிய விடவெச்சாதான் உங்களது வரும்.

ஈயப்பற்று:

ஏக் செக் போட்டாச்சு, இப்ப 68-ல ஒண்ணு, 57-ல ஒண்ணு. 57 எங்கருந்து வந்துச்சுன்னு முழிச்சேன், பாத்தா மாட்யூல் மேலயே ஒரு குட்டி ஈப்ராம் ஒட்டியிருக்கு.

கடைசியா ஒரு சந்தேகம், இது முடிஞ்சா நான் தொல்ல பண்ண மாட்டேன். ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் செகண்டுக்கு ஒரு தடவ டெம்பரேச்சர் படிச்சுட்டே இருக்கு. அது ஓடறப்ப குச்சிய புடுங்குனா நேத்து கெர்னல் ஊப்ஸ் (கெர்னல் க்ராஷ்) வந்துச்சு. டிஸ்கனெக்ட்ல கேஃப்ரீய (பஃபர் மெமரிய விடறது) முதல்ல போட்டு அடாப்டர பின்னாடி எடுத்திருந்தேன், மாத்திட்டேன், ஊப்ஸ் போச்சு. ஆனா இப்ப புடுங்குனதுக்கு அப்புறம் அதே ஹப்புல பென் ட்ரைவ் சொருகுனா கண்டுக்கவே மாட்டேங்குது, ரெண்டு நிமிஷம் கழிச்சு "120 செகண்டுக்கு மேல ப்ளாக்"னு டிமெசேஜ்ல புலம்பல்.

கருக்கல்:

வரிசைய மாத்துனது சரி. அடாப்டர எடுத்து முடிக்கற வரைக்கும் ட்ரான்ஸ்ஃபர் உள்ள வரலாம், அதுக்கு முன்னாடி பஃபர விட்டா ஊப்ஸ்தான்.

தொங்கறது உங்க தப்பு இல்ல. அடாப்டர டெலீட் பண்ற கோர் ஃபங்ஷன், அந்த அடாப்டர யாராவது புடிச்சுட்டு இருந்தா அவங்க விடற வரைக்கும் காத்துட்டே நிக்கும். உங்க ஸ்க்ரிப்ட் டிவைஸ் ஃபைல தெறந்து வெச்சிருக்கு, எர்ரர் வந்தாலும் ட்ரை-எக்செப்ட்ல முழுங்கிட்டு அடுத்த செகண்ட் திரும்ப கேக்குது, க்ளோஸ் பண்றதே இல்ல. உங்க டிஸ்கனெக்ட் ஓடறது ஹப்போட வொர்க்கர் த்ரெட்ல, அது அங்கயே நின்னா அந்த ஹப்புல சொருகற பென் ட்ரைவ யாரு பாப்பா? கோர் சோர்ஸ்லயே இத மாத்தணும்னு ஃபிக்ஸ்மீ கமெண்ட் எழுதி வெச்சிருக்காங்க, ட்ரைவர் பக்கம் நாம பண்ணக் கூடியது கம்மி. ஸ்க்ரிப்ட்ல ஈ-நோடெவ் வந்தா க்ளோஸ் பண்ணச் சொல்லுங்க. உங்க கோடுல எங்கயாவது "வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப கேளு"ன்னு லூப் இருந்தா அதையும் தூக்குங்க.

அந்த ஸ்க்ரிப்டே எதுக்கு? சிஸ்எஃப்எஸ்ல உங்க அடாப்டரோட நியூ-டிவைஸ் ஃபைல்ல டிஎஸ்3231-னு பேரும் ஹெக்ஸ் 68-னு அட்ரஸும் எக்கோ பண்ணுங்க, ஆர்டிசி ட்ரைவர் டெம்பரேச்சரையும் ஹெச்டபிள்யூமான்ல (கெர்னலோட சென்சார் பகுதி) காட்டும்.

ஈயப்பற்று:

எக்கோ பண்ணேன் அண்ணே. ஐடூசி-டிடெக்ட்ல 68 இருந்த எடத்துல யூயூ-ன்னு (ட்ரைவர் புடிச்சிருக்குன்னு அர்த்தம்) வருது, ஆர்டிசி1 வந்து உக்காந்துருச்சு, ஹெச்டபிள்யூக்ளாக்ல டைம் படிக்குது. தேதி மட்டும் 2000 ஜனவரி 1 காட்டுது, பேட்டரி இன்னும் போடல 😀

பனங்கிழங்கு:

ப்ரோ கோட எங்கயாவது போட்டு லிங்க் குடுங்க. என்கிட்டயும் அதே போர்டு ஒண்ணு சும்மா கெடக்கு.